‘இல்லை’ என்று பதில் வந்தால்: எட்டு தியேட்டர்களில் அறுவைப் பாதுகாப்புப் பட்டியல்

2008 ஜூனில் உலக சுகாதார நிறுவனம் அறுவைப் பாதுகாப்புச் சரிபார்ப்புப் பட்டியலை வெளியிட்டது. ஒரே பக்கம், 19 வரிகள், மூன்று நிறுத்தங்கள்: மயக்கத்துக்கு முன் சைன்-இன், கீறலுக்கு முன் டைம்-அவுட், ஆபரேஷன் தியேட்டரை விட்டு வெளியேறும் முன் சைன்-அவுட். டொராண்டோ, புது தில்லி, அம்மான், ஆக்லாந்து, மணிலா, இஃபகாரா, லண்டன், சியாட்டில் என எட்டு ஊர்களில் ஊருக்கு ஒரு மருத்துவமனையாக அதைப் பயன்படுத்திப் பார்த்த முடிவுகள் 2009 ஜனவரியில் வந்தன. பட்டியலுக்கு முன் 3,733 நோயாளிகள், பின் 3,955 பேர். இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8 சதவீதமாகவும், சிக்கல்கள் 11 சதவீதத்திலிருந்து 7 சதவீதமாகவும் குறைந்திருந்தன.

கனடாவின் ஒன்டாரியோ மாகாணம் 2010 ஜூலை முதல் எல்லா மருத்துவமனைகளும் பட்டியல் பயன்பாட்டைப் பொதுவில் அறிக்கையிட வேண்டும் என்றது. 101 மருத்துவமனைகளில் பட்டியலுக்கு முந்தைய மூன்று மாதங்களையும் பிந்தைய மூன்று மாதங்களையும் ஒப்பிட்ட ஆய்வு 2014-இல் வெளியானது. இறப்பு 0.71-லிருந்து 0.65 சதவீதம், சிக்கல்கள் 3.86-லிருந்து 3.82 சதவீதம். புள்ளியியல் கணக்கில் இரண்டுமே மாற்றமில்லை என்றுதான் பொருள். மருத்துவமனைகள் தாமே கொடுத்த கணக்கிலோ பட்டியல் ஏறத்தாழ எல்லா அறுவைகளிலும் பயன்பட்டிருந்தது.

இரண்டு ஆய்வுகளுக்கும் குறைகள் உண்டு. முதலாவதில் ஒப்பீட்டுக் குழு கிடையாது. இரண்டாவதில் காலம் குறுகியது, இறப்பு விகிதமும் தொடக்கத்திலேயே தாழ்ந்திருந்தது. ஆனாலும் தியேட்டரில் நின்று பார்த்தவர்களுக்கு இரு முடிவுகளுக்கும் இடையிலான வேறுபாடு புதிர் அல்ல. தாளில் டிக் விழுவது வேறு, அறுவை ஒரு நிமிடம் நின்று கேள்விக்குப் பதில் வருவது வேறு. பட்டியலைக் கொண்டுவரும் மருத்துவமனை முதலில் தீர்மானிக்க வேண்டியது ஒன்றுதான்: ஒரு வரிக்கு ‘இல்லை’ என்று பதில் வந்தால் அடுத்து என்ன நடக்கும்? அதற்கு முன்கூட்டியே விடை இல்லாத வரிக்கு எப்போதும் ‘ஆம்’ என்றே பதில் வரும்.

மாதிரி மருத்துவமனை

இங்கே எடுத்துக்கொண்டிருப்பது திட்டமிடலுக்காக அமைத்த ஒரு மாதிரி. எந்த ஒரு நிறுவனத்தின் பதிவும் அல்ல. எட்டு தியேட்டர்கள்: பொது அறுவை இரண்டு, எலும்பு இரண்டு, மகப்பேறு, கண், சிறுநீரகவியல், அவசரம் தலா ஒன்று. மயக்க மருந்து மருத்துவர்கள் தியேட்டர் விட்டு தியேட்டர் மாறுவார்கள். செவிலியர் பெரும்பாலும் அதே தியேட்டரில் இருப்பார்கள். இந்த ஏற்பாடு பெரிய மருத்துவமனைகளில் சாதாரணம். நோயாளியைப் பற்றிய தகவல் கைமாறும்போது நழுவுவதும் இதனால்தான்.

வேலையைத் தொடங்க மூவர் தேவை: ஓர் அறுவை மருத்துவர், ஒரு மயக்க மருந்து மருத்துவர், ஒரு தியேட்டர் செவிலியர். மூவரும் இன்னும் கத்தி பிடிப்பவர்களாக, மயக்கம் கொடுப்பவர்களாக, கருவி எடுத்துக் கொடுப்பவர்களாக இருக்க வேண்டும். நிர்வாக அலுவலகத்திலிருந்து மட்டும் இறங்கிவரும் பட்டியலுக்குத் தியேட்டரில் மரியாதை குறைவு.

முதல் வாரம் அச்சடிக்கும் வாரம் அல்ல, அளக்கும் வாரம். ஏற்கெனவே உள்ள கேஸ் ஷீட்களிலிருந்து தியேட்டருக்கு இருபது எடுத்து நான்கே விஷயங்களைக் குறித்தால் போதும்: ஆன்டிபயாடிக் ஏறிய நேரம், முதல் கீறல் விழுந்த நேரம், ஸ்பாஞ்ச் (இரத்தம் ஒற்றும் துணி) எண்ணிக்கை எத்தனை முறை பதிவாகியிருக்கிறது, ஆய்வுக்கு எடுத்த மாதிரிக் குப்பியின் லேபிளும் கோரிக்கைச் சீட்டும் பொருந்துகின்றனவா. ஆன்டிபயாடிக் நேரமே பல இடங்களில் எழுதப்பட்டிருக்காது. அதுவும் ஒரு கண்டுபிடிப்புதான், அப்படியே குறித்துக்கொள்ள வேண்டும்.

அடுத்து, மூவரும் ஒரு காலித் தியேட்டரில் தாளை உரக்க வாசித்துப் பார்க்க வேண்டும். பிறகு ஒரே தியேட்டரில் ஒரே ஒரு நோயாளிக்கு. பிறகு அதே தியேட்டரில் ஒரு முழு நாள். உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டியும் சிறிதாகத் தொடங்கச் சொல்கிறது. முதல் தியேட்டரைத் தேர்ந்தெடுக்கும்போது மிகக் கடுமையாக எதிர்ப்பவரின் தியேட்டரை எடுக்கும் ஆசை வரும். வேண்டாம். விருப்பத்தோடு வருபவரிடம் தொடங்கி, வாசகங்கள் பழகியபின் இரண்டு வாரத்துக்கு ஒரு தியேட்டராக நகர்ந்தால் எட்டும் நான்கு மாதத்தில் முடியும். அவசரத் தியேட்டர் கடைசி. அது சிரமம் என்பதால் மட்டும் அல்ல, மற்ற ஏழிலும் பழகியவர்களே இரவில் அங்கே வேலை செய்வார்கள் என்பதாலும்.

மயக்கத்துக்கு முன்: சைன்-இன்

ஏழு வரிகள். குறைந்தது செவிலியரும் மயக்க மருந்து மருத்துவரும் இருக்க வேண்டும். நோயாளி விழித்திருக்க வேண்டும். வார்டிலேயே தூக்க மருந்து கொடுத்து அனுப்பும் வழக்கம் இருந்தால் இந்த ஏழில் முதல் வரியே பொருளற்றதாகிவிடும். ஆகவே பட்டியலுக்கு முன் அந்த வழக்கத்தை மாற்ற வேண்டும்.

அடையாளம் கேட்பதில் ஒரு சிறு நுணுக்கம். பெயரைச் சொல்லி ‘நீங்கள்தானே?’ என்று கேட்டால் பயந்திருப்பவரும் காது மந்தமானவரும் தலையாட்டுவார்கள். ‘உங்கள் பெயர் என்ன, பிறந்த தேதி என்ன, என்ன ஆபரேஷன், எந்தப் பக்கம்?’ என்று கேட்டு, பதிலைக் கைப்பட்டை, ஒப்புதல் படிவம், தியேட்டர் லிஸ்ட் மூன்றோடும் ஒப்பிட வேண்டும். லிஸ்டில் இடது, ஒப்புதலில் வலது என்றிருந்தால் நோயாளி சொன்னதை மட்டும் நம்பி லிஸ்டைத் திருத்துவது கூடாது. அறுவை மருத்துவர் நேரில் வந்து, முதல் பரிசோதனைக் குறிப்பையும் படத்தையும் பார்த்து, தவறான தாளைத் தானே திருத்திக் கையெழுத்திட்ட பிறகே மயக்கம்.

அறுவை நடக்கும் இடத்தைக் காட்டும் குறியை அறுவை செய்யப்போகிறவரே போட வேண்டும், அழியாத மார்க்கரால். பால்பாயின்ட் எழுத்து ஸ்பிரிட் பட்டதும் போய்விடும். பெருக்கல் குறி போடக் கூடாது. ‘இங்கே வெட்டு’ என்றும் ‘இங்கே வேண்டாம்’ என்றும் இரு விதமாகவும் படிக்கலாம். அம்புக்குறியோ கையெழுத்தின் முதலெழுத்துகளோ போதும். துணி விரித்த பிறகும் குறி கண்ணில் பட வேண்டும். முதுகெலும்பு அறுவையில் தோலில் உள்ள குறி பக்கத்தை மட்டுமே சொல்லும், எந்த எலும்பு என்பதற்கு மேசையில் எக்ஸ்-ரே வேண்டும்.

பல்ஸ் ஆக்ஸிமீட்டர் மாட்டியிருக்கிறதா என்பதோடு அதன் ஒலி கேட்கிறதா என்பதையும் கேட்க வேண்டும். ஆக்ஸிஜன் செறிவு இறங்க இறங்க ஒலியின் சுருதியும் இறங்கும், அறையில் உள்ள எல்லோரும் திரையைப் பார்க்காமலே அறிவார்கள். ஒலியை அணைத்துவிட்ட கருவி பாதிக் கருவி.

இரத்த இழப்பு 500 மி.லி.க்கு மேல், குழந்தைகளில் கிலோவுக்கு 7 மி.லி.க்கு மேல் போகலாம் என்றால் இரண்டு பெரிய ஐவி வழிகளும் தேவையான திரவமும் தயாராக வேண்டும். ‘இரத்தம் சொல்லியிருக்கிறோம்’ என்பது இங்கே பதில் ஆகாது. பொருத்திப் பார்த்த பைகள் எத்தனை, எந்த ஃபிரிட்ஜில், கொண்டுவர எத்தனை நிமிடம்: இதுதான் பதில். மகப்பேறு தியேட்டரில் இந்த வரி ஒவ்வொரு சிசேரியனுக்கும் ஒலிக்கும், ஆகவே மழுங்கிவிடும். அங்கே வாசகத்தையே மாற்றி, நஞ்சுக்கொடி கீழிறங்கியிருத்தல், முந்தைய சிசேரியன் போன்ற கூடுதல் ஆபத்து உண்டா, குழந்தையை ஏற்றுக்கொள்ள ஆள் இருக்கிறாரா என்று கேட்பது நல்லது.

உடலின் ஒரு பகுதியை மட்டும் மரக்கச் செய்யும் நரம்புத் தடுப்பு ஊசி சைன்-இன்னுக்கும் டைம்-அவுட்டுக்கும் நடுவே விழுகிறது. நோயாளியைத் திருப்பிப் படுக்கவைத்ததும் பக்கம் குழம்பும், குறி போர்வைக்குள் போகும். மாதிரி மருத்துவமனை இதற்கென்று ஒரு தனி நிறுத்தத்தைச் சேர்க்கிறது: ஊசி தோலைத் தொடும் முன் உதவியாளர் குறியைக் காட்டிப் பக்கத்தை உரக்கச் சொல்ல வேண்டும்.

கீறலுக்கு முன்: டைம்-அவுட்

சரியாகச் செய்தால் ஒரு நிமிடம்தான். அந்த ஒரு நிமிடத்தில் அறையில் யாரும் வேறு வேலை செய்யக் கூடாது என்பதே கடினம். ஸ்க்ரப் செவிலியர் கருவி அடுக்கிக்கொண்டும், உதவி மருத்துவர் காட்டரி (மின்சூட்டுக் கருவி) வயரைக் கட்டிக்கொண்டும் இருக்கும்போது ஒருவர் மூலையில் நின்று வாசித்தால் அது டைம்-அவுட் அல்ல. இதற்கு மாதிரி மருத்துவமனை வைக்கும் விதி எளிமையானது: டைம்-அவுட் முடியும்வரை பிளேடு கத்திப் பிடியில் ஏறாது. பிளேடு இல்லாமல் கீறல் இல்லை. ஸ்க்ரப் செவிலியர் யாரையும் எதிர்த்துப் பேச வேண்டியதில்லை, பிளேடைப் போடாமல் இருந்தால் போதும். இந்த விதி மருத்துவக் கண்காணிப்பாளரின் கையெழுத்தோடு தியேட்டர் சுவரில் இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் இளைய செவிலியர் ஒருவர் மூத்த மருத்துவர் முன் தனியாக நிற்க நேரும்.

முதல் வரி பெயரும் பொறுப்பும். கிண்டலுக்கு உள்ளாகும் வரி இதுவே. நாள் முழுக்க அதே குழு என்றால் முதல் நோயாளிக்குச் சொன்னது போதும், புதிதாக வந்தவர் மட்டும் சொல்லலாம். ஆனால் நீக்கக் கூடாது. ஒருமுறை வாய்திறந்தவர் மறுமுறை எச்சரிக்க வாய்திறப்பது எளிது. பெயர் தெரியாத மயக்க மருந்து மருத்துவரை அழைக்க வேண்டிய நெருக்கடியில் அந்தப் பத்து விநாடியின் மதிப்பு தெரியும்.

ஆன்டிபயாடிக் வரியில்தான் அளக்கக்கூடிய ஆதாயம் சீக்கிரம் கிடைக்கும். கீறலுக்கு முந்தைய 60 நிமிடத்துக்குள் மருந்து ஏறியிருக்க வேண்டும். தவறுக்குக் காரணம் பெரும்பாலும் மறதி அல்ல, இடம். வார்டில் கொடுத்து அனுப்பினால், முந்தைய அறுவை நீண்டதும் நோயாளி வெளியே காத்திருப்பார், மருந்தின் நேரம் ஓடிவிடும். ஆகவே செஃபாசோலின் போன்ற ஆன்டிபயாடிக்குகள் வார்டுக்கே போகக் கூடாது. தியேட்டர் டிராயரில் வைத்து, மயக்கம் கொடுக்கும்போது மயக்க மருந்து மருத்துவரே ஏற்ற வேண்டும். பெரியவருக்கு வழக்கமாக 2 கிராம், 120 கிலோவும் அதற்கு மேலும் என்றால் 3 கிராம். அறுவை நான்கு மணி நேரத்தைத் தாண்டினால் மறுபடியும். வான்கோமைசின் என்ற ஆன்டிபயாடிக் விதிவிலக்கு: அது ஒரு மணி நேரமாவது மெதுவாக ஏற வேண்டும், கீறலுக்கு 120 நிமிடம் முன்பிருந்து தொடங்கலாம். எலும்புத் தியேட்டர்களில் இன்னொரு கண்ணி: டூர்னிகே (இரத்த ஓட்டத்தை நிறுத்தும் பட்டை) இறுக்கிய பின் ஏற்றிய மருந்து காலுக்குப் போகாது. அங்கே வாசகம் ‘டூர்னிகேவுக்கு முன் முடிந்ததா?’ என்றே இருக்க வேண்டும்.

‘இல்லை’ என்றால்? மருந்தை இப்போதே ஏற்றி, அது உள்ளே போகும்வரை காத்திருப்பது. இரண்டு நிமிடத் தாமதத்தை யார் ஏற்பது என்று அங்கே விவாதிக்க நேரம் இருக்காது. அதனால்தான் விடையை முன்பே எழுதிவைக்கிறோம்.

ஸ்டெரைல் (கிருமி நீக்கம்) வரியில் பலரும் பொதியின் வெளிப்புற டேப்பைப் பார்த்துத் திருப்தியடைகிறார்கள். கோடு கறுத்திருந்தால் பொதி ஆட்டோகிளேவுக்குள் (நீராவியால் கிருமி நீக்கும் கருவி) போய்வந்தது என்று மட்டுமே பொருள். நீராவி உள்ளே ஊடுருவியதா என்பதைத் தட்டினுள் வைத்த, நிறம் மாறும் காட்டிதான் சொல்லும். அதைத் திறக்கும்போதே பார்க்க வேண்டும். டைம்-அவுட்டில் அது உறுதி மட்டுமே. காட்டி மாறவில்லை என்றால் அந்த மேசையே போய்விட்டது, இரண்டாவது செட் தேவை. இரண்டாவது செட் இல்லாத மருத்துவமனையில் இந்த வரிக்கு நேர்மையான பதில் வராது. பட்டியலின் செலவு அச்சுக்கூலியில் இல்லை என்று சொல்வது இதனால்தான்.

படம் காட்டப்பட்டிருக்கிறதா என்பதிலும் அடிக்கடி சறுக்கும்: முந்தைய நோயாளியின் படம் திரையில் அப்படியே இருக்கும். வாசிப்பவர் படத்தின் மேலுள்ள பெயரையும் பக்கக் குறியையும் சேர்த்து வாசிக்க வேண்டும்.

நோயாளி மயங்கிய பின் டைம்-அவுட்டில் பக்கம் பற்றிய முரண் வெளிப்பட்டால் அவரைக் கேட்க வழியில்லை. குறிப்பும் படமும் ஒப்புதலும் பொருந்தும்வரை கீறல் இல்லை. பொருந்தவே இல்லை என்றால் நோயாளியை எழுப்புவது. கேட்கவே கடுமையாக இருக்கும் இந்த வாக்கியத்தைத் துறைத்தலைவர்கள் முதலிலேயே ஏற்றுக் கையெழுத்திட்டிருக்க வேண்டும்.

வெளியேறும் முன்: சைன்-அவுட்

மூன்றில் மிகவும் பலவீனமானது இது. தையல் முடிந்ததும் அறுவை மருத்துவர் கையுறையைக் கழற்றுவார், மயக்க மருந்து மருத்துவரின் கவனம் முழுக்கச் சுவாசக் குழாயில் இருக்கும், அடுத்த நோயாளிக்கு அழைப்பு போயிருக்கும். ஆகவே நேரத்தை முன்னே இழுக்க வேண்டும்: தோல் தையல் தொடங்கும்போது, மேசையைத் தொடாமல் அறையில் உதவும் சுற்றுச் செவிலியர் வாசிக்கத் தொடங்கலாம். அறுவை மருத்துவர் அப்போது நகர முடியாது.

எண்ணிக்கை பற்றி ஒரு சங்கடமான உண்மை. உடலுக்குள் பொருள் தங்கிவிட்ட சம்பவங்களை ஆராய்ந்து 2003-இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வில், எண்ணப்பட்டவற்றில் பெரும்பாலானவை ‘சரி’ என்றே பதிவாகியிருந்தன. அவசர அறுவையில் இந்த ஆபத்து ஏறத்தாழ 9 மடங்கு, திட்டத்தில் எதிர்பாராத மாற்றம் வந்தால் 4 மடங்கு. எனவே பட்டியல் கேட்க வேண்டியது எண்ணிக்கை சரியா என்பதோடு, அது எப்படி எண்ணப்பட்டது என்பதையும்தான். இருவர் சேர்ந்து, உரக்க, ஒவ்வொன்றையும் பிரித்துப் பார்த்து எண்ண வேண்டும். வயிற்றுக்குள் போகும் ஸ்பாஞ்ச் எல்லாம் எக்ஸ்-ரேயில் தெரியும் இழை உடையதாக இருக்க வேண்டும். பத்து ஸ்பாஞ்ச் இருக்க வேண்டிய கட்டு ஒன்றில் ஒன்பதே இருந்தால் ஒன்றைச் சேர்த்துச் சரிக்கட்டாமல் கட்டையே தனியே எடுத்துவிட வேண்டும். ஸ்பாஞ்சை வெட்டிப் பாதியாக்கக் கூடாது. தொடங்கும் முன், உட்குழியை மூடும் முன், தோலை மூடும் முன் என மூன்று முறை. நடுவில் செவிலியர் மாறினால் கூடுதலாக ஒரு முறை.

ஒன்று குறைந்தால் மூடுவது நிற்கும். மறுபடி எண்ணுதல், காயத்தைக் கையால் தேடுதல், துணி, வாளி, தரை, குப்பை. குப்பைப் பை எதுவும் அறுவை முடியும்வரை அறையை விட்டுப் போகக் கூடாது என்ற விதி இல்லாவிட்டால் இந்தத் தேடலுக்கு அர்த்தமில்லை. கிடைக்கவில்லை என்றால் மேசையிலேயே எக்ஸ்-ரே. 10 மில்லிமீட்டருக்கும் சிறிய ஊசிகள் படத்தில் தெரியாமல் போகலாம், அதையும் குறிப்பில் எழுத வேண்டும்.

மாதிரிக் குப்பியின் லேபிளை நோயாளி பெயர், உறுப்பு, பக்கம் என முழுவதும் உரக்க வாசித்தபின் திரவத்தையும் சொல்ல வேண்டும். திசு ஆய்வுக்கு ஃபார்மலின். கிருமி வளர்ப்புக்குப் போக வேண்டியது ஃபார்மலினுக்குள் விழுந்தால் கிருமி செத்துவிடும், மாதிரியைத் திரும்பப் பெற வழியில்லை.

கூட்டலும் குறைத்தலும்

எட்டு துறைகளும் தத்தம் வரியைச் சேர்க்கக் கேட்கும். கண் தியேட்டரின் கோரிக்கை நியாயமானது: லென்ஸ் பவரையும் எந்தக் கண் என்பதையும் அளவீட்டுத் தாளோடு ஒப்பிடுவது. ஸ்பிரிட் கலந்த மருந்தால் தோலைத் துடைக்கும் இடங்களில், முடியற்ற தோலில் குறைந்தது மூன்று நிமிடம் உலர்ந்ததா என்ற கேள்வியும் நியாயமே. ஈரத்தில் காட்டரி தொட்டால் தீப்பிடிக்கும். ஆனால் எல்லாவற்றையும் ஏற்றால் 19 என்பது 40 ஆகும், 40 வரியை யாரும் வாசிப்பதில்லை, நிரப்புவார்கள். ஒரு வரி உள்ளே வர மூன்று நிபந்தனைகள்: தவறினால் நோயாளிக்குப் பெருந்தீங்கு, உண்மையில் தவறிப்போகும் வாய்ப்பு உள்ளது, சில விநாடியில் விடை தெரியும். மயக்க இயந்திரத்தின் முழுச் சோதனை போன்றவை தனித் தாளில் நடந்து, இங்கே ‘முடிந்தது’ என்ற ஒரு வரியாக மட்டும் வர வேண்டும்.

தாளும் சுவரும் இரண்டுமே தேவை. மேசையிலிருந்து படிக்கும் அளவு எழுத்தில் லாமினேட் செய்த பலகை ஒன்று தியேட்டர் சுவரில், டிக் போடும் ஒற்றைத் தாள் கேஸ் ஷீட்டில். மனப்பாடமாக ஒப்பிக்கத் தொடங்கியதும் முதலில் மறைவது ஒவ்வாமை வரியாகவோ கருவிச் சிக்கல் வரியாகவோ இருக்கும்.

எதை எண்ணுவது

ஒன்டாரியோவில் நடந்தது இங்கே நினைவில் இருக்க வேண்டும். நிரம்பிய தாள்களின் சதவீதத்தை மாதந்தோறும் மேலே அனுப்பினால் அது முதல் மாதமே நூறை நெருங்கும், எதையும் சொல்லாது. அதற்குப் பதில் மாதம் தியேட்டருக்கு ஐந்து அறுவைகளைக் குலுக்கி எடுத்து ஒருவர் நின்று பார்க்க வேண்டும். பார்ப்பவருக்கு ஐந்தே கேள்விகள்: கைகள் நின்றனவா, தாளைப் பார்த்து வாசிக்கப்பட்டதா, அவரவர் வரிக்கு அவரவரே பதில் சொன்னார்களா, அறுவை மருத்துவர் அறையில் இருந்தாரா, கீறலுக்கு முன்பா.

கூடவே ‘இல்லை’ என்று வந்த பதில்களையும் எண்ண வேண்டும். ஒரு தியேட்டரில் மாதம் முழுவதும் ஒரு ‘இல்லை’ கூட வரவில்லை என்றால் அடுத்த மாதம் பார்வையாளர் முதலில் போக வேண்டியது அங்கேதான். ‘இல்லை’ என்று எழுதியதற்காக யாரிடமும் விளக்கம் கேட்டு மெமோ போகக் கூடாது. ஒரே ஒரு மெமோ போதும், அந்த மருத்துவமனையில் பிறகு எல்லாமே ‘ஆம்’தான்.

பயிற்சியோடு கொண்டுவந்தால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் தென் கரோலினா மாகாணம் ஒரு சான்று. அங்கே பட்டியலைக் கொண்டுவரும் கூட்டுத் திட்டத்தை முழுமையாக முடித்த 14 மருத்துவமனைகளில் அறுவைக்குப் பிந்தைய 30 நாள் இறப்பு 2010-இல் 3.38 சதவீதமாக இருந்து 2013-இல் 2.84 ஆனது. மற்ற மருத்துவமனைகளில் அது 3.50-லிருந்து 3.71 ஆகியிருந்தது. விரும்பிச் சேர்ந்து, முடிக்கவும் செய்த மருத்துவமனைகள் ஏற்கெனவே வேறுபட்டவையாக இருக்கலாம் என்ற ஐயம் நியாயமானது. தாளை அஞ்சலில் அனுப்பி முடித்துக்கொள்ளும் முறைக்கு அப்படியொரு சான்றுகூட இல்லை.

சைன்-அவுட்டில் வரும் கருவிப் புகார்களுக்கு ஒரு நோட்டு தேவை: தேதி, தியேட்டர், கருவி, யார் பொறுப்பு, சரிசெய்த தேதி. ‘சக்ஷன் இழுக்கவில்லை’ என்று மூன்று நாள் எழுதி மூன்று நாளும் ஒன்றும் நடக்காவிட்டால் நான்காம் நாள் அந்த வரி வாசிக்கப்படாது. உயிர்மருத்துவப் பொறியாளர் ஒவ்வொரு மாலையும் நோட்டைப் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். பழுதான கருவிக்குச் சிவப்புச் சீட்டு கட்டி அறையை விட்டு வெளியேற்ற வேண்டும். மூலையில் தள்ளிவைத்தால் இரவுப் பணிக்குழு அதையே திரும்ப எடுக்கும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை மூவர் குழு இந்த நோட்டையும் ‘இல்லை’ கணக்கையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு வரிகளைத் திருத்துகிறது. திருத்திய தாளுக்கு மேல்மூலையில் புதிய பதிப்பு எண், பழைய தாள்களும் சுவர்ப் பலகைகளும் அதே நாளில் எட்டு தியேட்டர்களிலிருந்தும் அகற்றப்படும்.